ரொட்டிக்கல்லும் ஸ்கேன் கொப்பியும்

பெரியம்மாவின் குசினியில் ரொட்டிக்கல் ஒன்றுதான். இலங்கை மலையகத்தில், கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். விடிய நாலரைக்கு அடுப்புப் பற்றும். ஆறரைக்குள் ஏழு வயிறு நிறைய வேண்டும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்குக்குப் போகிற பெரியம்மாவும் அக்காவும், ஹட்டனில் கடையில் நிற்கிற அண்ணன், பள்ளிக்கூடம் போகிற நாங்கள் மூன்று பேர், வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரியப்பா. ஆளுக்கு இரண்டு ரொட்டி. தேங்காய்ப்பூ போட்டுத் தடிப்பாகத் தட்டிய ரொட்டி ஒன்று வேக நாலு நிமிஷம் பிடிக்கும். 14 ரொட்டிக்கு 56 நிமிஷம். சம்பல் இடிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, எங்கள் தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் அதற்கு நடுவில்தான். இருந்தும் தட்டை ஏந்திக்கொண்டு குசினி வாசலில் யாரும் வரிசையில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதே பெரியம்மாவை ஒரு பெரிய வைத்தியசாலையின் ஸ்கேன் அறை வாசலில் உட்கார வைத்துக்கொண்டு நான் ஒருநாள் காலை முழுக்கக் காத்திருந்தேன். பெயர் எதற்கு? அங்கேயும் கல் ஒன்றுதான். வாங்கில் முப்பது பேர் இருந்தோம். முப்பது பேரின் துண்டிலும் ஒரே நேரம் எழுதியிருந்தது: காலை 8 மணி.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கல்லையும் பற்றியது. ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேக்கும் நாள் கொடுக்கிற வேலை உள்ளே எப்படி நடக்கிறது, எங்கே அடிப்பிடிக்கிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று பார்க்கலாம். கணக்கு கொஞ்சம் வரும். ரொட்டி சுடத் தெரிந்தவருக்கு அது போதும்.

முதலில் எங்கள் பக்கத்து நிலவரம். கொட்டகலையில் ஒரு பிரதேச வைத்தியசாலை உண்டு. காய்ச்சல், சளி, பிரஷர் என்றால் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால் டிக்கோயா, கிளங்கன் ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டி, 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தாரே, அதுதான். அதற்கும் மேல் என்றால் நுவரெலியா, நாவலப்பிட்டி, இல்லாவிட்டால் கண்டி, பேராதனை. இலவச வைத்தியம்தான். துண்டு எழுத ஒருவரும் ஒரு சதம் கேட்பதில்லை. ஆனால் நோய் ஒரு படி ஏறினால் பஸ்ஸும் ஒரு படி ஏறும். நுவரெலியாவுக்குத் தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. பனி இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வழங்கும் சொல் 'பேர்'. இன்றைக்குப் பேர் விழுந்ததா என்றுதான் கேட்போம். பாதி நாள் என்றால் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. வயதான ஒருவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக இன்னொருவர் வேண்டும், ஆகவே இரண்டு பேர் போகிறது. பஸ் காசு வேறு. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேனுக்கு நாங்கள் கொடுக்கும் விலை அதுதான். நாள் குறிக்கும் மேசையில் இருப்பவருக்கு இது தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் எட்டு மணி

எல்லோரையும் 8 மணிக்கு வரச் சொல்வது ஏன்? யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கல் காயக்கூடாது என்ற பயம்தான். அடுப்பு எரிகிறது, கல் சூடேறிவிட்டது, தட்டி வைத்த ரொட்டி இல்லை என்றால் விறகு வீண். மெஷினும் டாக்டரும் தயாராக இருக்க, நோயாளி வரவில்லை என்றால் அந்தப் பத்து நிமிஷம் திரும்பி வராது. ஆகவே கூட்டத்தை வாசலில் குவித்து வைத்தால் கல் ஒருபோதும் காயாது என்று கணக்கு.

கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். முப்பது பேர், ஒருவருக்குப் பத்து நிமிஷம். எல்லோரும் 8 மணிக்கு வந்துவிட்டால் முதல் ஆள் காத்திருப்பது 0 நிமிஷம், கடைசி ஆள் 290 நிமிஷம். சராசரி 145 நிமிஷம். முப்பது பேருடைய காத்திருப்பையும் கூட்டினால் 72 மணித்தியாலத்துக்கு மேல். ஒரே காலையில் ஒரே வாங்கில் மூன்று முழு நாள்கள் கரைகின்றன.

1952இல் இங்கிலாந்தில் நோர்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் வெளிநோயாளர் பிரிவுகளின் வரிசைகளை இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் சொன்ன விதி மிகச் சின்னது. தொடக்கத்தில் இரண்டு பேரை ஒன்றாக வரச் சொல்லுங்கள், மற்றவர்களை ஒருவருக்கு ஆகும் சராசரி நேரம் விட்டு விட்டு வரச் சொல்லுங்கள். அவ்வளவுதான். ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில். பெரியம்மா செய்வதும் இதுதான்: ஒரு ரொட்டி கல்லில் வேகும்போது அடுத்தது தட்டி வாழை இலையில் தயாராக இருக்கும். பதினாலையும் தட்டி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்ததில்லை. வைத்தால் காய்ந்து ஓரம் வெடிக்கும்.

அந்த முப்பது பேருக்கும் பெய்லி சொன்னபடி நேரம் கொடுத்தால், எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில், முதல் ஆளைத் தவிர ஒவ்வொருவரும் காத்திருப்பது பத்து நிமிஷம். கூட்டினால் ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. நிஜத்தில் எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடக்காது, கொஞ்சம் கூடும். கூடினாலும் 72 ஆகாது. புது மெஷின் வேண்டாம், புது ஆள் வேண்டாம். துண்டில் நேரத்தை மாற்றி எழுத ஒரு பேனை போதும். இது சொல்லப்பட்டு எழுபது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் எத்தனையோ வைத்தியசாலைகள் எல்லோரையும் எட்டு மணிக்கே வரச் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. "ஒரு நாளைக்கு முப்பது பேர்" என்று தலையை எண்ணுவது. நெஞ்சு எக்ஸ்ரே சில நிமிஷ வேலை. வயிற்று ஸ்கேன் பத்துப் பதினைந்து நிமிஷம். எம்.ஆர்.ஐ. என்றால் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம், சிலதுக்கு அதற்கும் மேல். நடக்க முடியாத தாத்தா ஒருவரைச் சக்கரக் கதிரையிலிருந்து மேசைக்கு ஏற்றவே ஐந்து நிமிஷம் போகும். ரொட்டி, தோசை, பொரியல் எல்லாவற்றையும் 'ஒரு சாப்பாடு' என்று எண்ணி அடுப்பைப் பங்கு போடும் சமையல்காரி உண்டா? கொப்பியில் எழுத வேண்டியது நிமிஷம். யாருக்கு எது, அதற்கு எத்தனை நிமிஷம் என்று இரண்டு கிழமை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாலே சரியான கணக்குக் கிடைத்துவிடும்.

விருந்தாளிக்கு ஒரு உருண்டை

சரி, நேரம் பிரித்தாயிற்று. இனிக் கொப்பியை ஒரு கோடு விடாமல் நிரப்பலாமா? கூடாது. ஏன் என்று புரிய வீட்டுக் குசினி போதாது, கொட்டகலை பஸாரில் ஒரு ரொட்டிக் கடைக்குப் போக வேண்டும்.

கடையில் ஒரே மாஸ்டர், ஒரே கல். யார் எப்போது வருவார் என்று தெரியாது. ஒருவர் ஒரு பிளேன் ரொட்டி கேட்பார், அடுத்தவர் நாலு முட்டை ரொட்டி. இப்படிக் கைக்குப் பிடிபடாத கூட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டென்மார்க்கில் ஏர்லாங் என்பவர் 1909இல் டெலிபோன் இணைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த கணக்கு அது. மாஸ்டரின் நேரத்தில் பாதிக்குத்தான் வேலை இருக்கிறது என்றால், வருகிறவர் சராசரியாக ஓர் ஆளுக்குச் சுட்டுக் கொடுக்கும் நேரம் காத்திருப்பார். வேலை 80 சதவீதம் ஆனால் நாலு ஆள் நேரம். 90 ஆனால் ஒன்பது. 95 ஆனால் பத்தொன்பது. வேலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது, காத்திருப்பு மட்டும் பாய்ந்து ஏறுகிறது. நூறை நெருங்க நெருங்க வரிசை ஸ்டேஷன் மட்டும் போகும்.

நேரம் குறித்துக் கூப்பிட்டால் இந்த ஏற்றம் நன்றாக அடங்கும், ஆனால் முழுக்கப் போகாது. ஸ்கேன் அறைக்கும் சொல்லாமல் வருகிறவர்கள் உண்டு. கொழுந்து மலையில் வழுக்கி விழுந்த அக்கா, 1990 நம்பர் அம்பியூலன்ஸில் வந்த விபத்துக் கேஸ், வார்டில் திடீரென்று வயிறு வீங்கிய பிள்ளை. இவர்கள் வரும்போது கொப்பி நிறைந்திருந்தால், வெளியே இருக்கும் முப்பது பேரும் பின்னால் தள்ளப்படுகிறார்கள். பிறகு "இண்டைக்கு முடியாது, வேறொரு திகதி தாரோம்" என்று கடைசி ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த ஐந்து பேர் நாளைக்கு இன்னோர் ஐந்து பேரைத் தள்ளுவார்கள்.

பெரியம்மா மா பிசையும்போது எப்போதும் இரண்டு உருண்டை கூட வைப்பார். பக்கத்து லயத்திலிருந்து யாராவது வரக்கூடும், வந்தால் அவர்களுக்கு. வராவிட்டால் மத்தியானம் பெரியப்பாவுக்கு. ஸ்கேன் கொப்பியிலும் அப்படிச் சில கோடுகளை வெறுமையாக விட வேண்டும். எத்தனை என்பதை ஊகிக்க வேண்டாம், போன இரண்டு மாதத்தில் அவசரக் கேஸ் நாளைக்கு எத்தனை வந்தது என்று எண்ணினால் தெரியும். அவற்றை நாள் முழுக்கத் தூவி வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். எல்லா வெற்றுக் கோட்டையும் பின்னேரம் வைத்தால் காலை ஒன்பதுக்கு வரும் கால் முறிவு பின்னேரம் மட்டும் காத்திருக்குமா? முதல்நாள் பின்னேரம் பார்த்து, நிரம்பாத சாதாரண இடத்தை வார்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கல் காயாது.

இதற்கு நேர்மாறாக ஒரு தொல்லையும் உண்டு. அவசரத்துக்கு ஒரு பங்கு, சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு ஒரு பங்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு பங்கு, இன்னார் அனுப்பியவருக்கு ஒரு பங்கு என்று கல்லைக் கூறு கூறாக வெட்டுவது. ஒரு பங்கில் ஆள் இல்லாமல் கல் காய, பக்கத்துப் பங்கில் வரிசை நிற்கும். மகனுக்கு என்று மூடி வைத்த ரொட்டி ஆறிப்போக, மகள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போவது போல. அவசரம், இரண்டு கிழமைக்குள், சாதாரணம் என்று மூன்று பிரிவு இருந்தால் தாராளம். காத்திருப்பு நீளமாக இருக்கும் இடத்தில் டாக்டர்கள் எல்லாத் துண்டிலும் 'அவசரம்' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். எல்லாப் பிள்ளையும் பசி என்று கத்தினால் யாருக்கு முதல் ரொட்டி?

மா பிசைவது அடுப்பு மூட்டுவதற்கு முன்

என் பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று ஸ்கேனுக்கு எழுதினார்கள். ஆறு கிழமைக்குப் பிறகு திகதி. அன்று விடியப் புறப்பட்டு, குளிர் தாங்காமல் பஸ் மாறும் இடத்தில் ஆளுக்கொரு பால் தேத்தண்ணி குடித்தோம். பன்னிரண்டரைக்கு அவருடைய முறை வந்தது. மேசையில் படுத்த பிறகுதான் கேட்டார்கள், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. "ஒண்ணுமில்லீங்க, ஒரு பால் தேத்தண்ணி மட்டுந்தாங்க" என்றார் பெரியம்மா, பெருமையாகவே. பட்டினியாக வந்திருக்கிறாராம்.

இறக்கிவிட்டார்கள். பால் குடித்தால் என்ன ஆகும்? வெறும் வயிற்றில் பித்தப்பை நீர் நிறைந்த பலூன் மாதிரி புடைத்து நிற்கும், உள்ளே கல் இருந்தால் தெளிவாகத் தெரியும். கொழுப்புள்ள எதுவும் உள்ளே போனால், அதைச் செரிக்க வைக்கப் பித்தப்பை சுருங்கி நீரை வெளியே விடும். சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது மூட்டை கட்டிய துணிக்குள் ஊசியைத் தேடுவது. அவர்கள் இறக்கிவிட்டது சரிதான். ஆனால் துண்டில் ஒன்றும் எழுதவில்லையா? எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல், அதன்கீழ் சிங்களத்தில் ஒரு வரி. தமிழ் அரச கரும மொழியானது 1987இல், 13ஆவது திருத்தத்தோடு. அந்தத் துண்டுக்கு அது இன்னும் எட்டவில்லை. அடுத்த திகதி ஐந்து கிழமைக்குப் பிறகு.

இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். கல் பத்து நிமிஷம் காய்ந்தது. ஐந்து கிழமை கழித்து இன்னொருவருக்குப் போக வேண்டிய பத்து நிமிஷத்தையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு நாலு பேர் போயிற்று, இரண்டு தடவைக்கு இரண்டிரண்டு. எல்லாம் ஒரு வரி தமிழ் இல்லாததால்.

ரொட்டியில் நேரம் தின்னும் வேலை சுடுவது இல்லை. மா அரிப்பது, தேங்காய் துருவுவது, பிசைவது, உருண்டை பிடிப்பது. பெரியம்மா இதையெல்லாம் அடுப்பு மூட்டும் முன்பே முடித்துவிடுவார். கல்லை ஏற்றிவிட்டுத் தேங்காய் துருவினால் அவருக்கே கோபம் வரும். ஜப்பானில் டொயோட்டாவுக்கு வேலை செய்த ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியியலாளர் இதைத்தான் தொழிற்சாலைக்குச் சொன்னார்: மெஷினை நிறுத்தித்தான் செய்ய வேண்டிய வேலை எது, மெஷின் ஓடும்போதே வெளியில் செய்யக்கூடியது எது என்று பிரியுங்கள், இரண்டாவதை முழுக்க வெளியே கொண்டுபோங்கள்.

இதை வைத்தியத்தில் செய்து காட்டியது நம் ஆள்கள்தான். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசுவாமி 1976இல் மதுரையில் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போது மற்றதில் அடுத்த நோயாளியைத் தாதிகள் முழுக்கத் தயார்படுத்தி வைத்திருப்பார்கள். இது முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருடைய கை காய்வதில்லை.

ஸ்கேன் அறைக்கு இதை மாற்றிப் பார்க்க அதிகம் வேண்டாம். உடை மாற்ற ஒன்றுக்கு இரண்டு திரைமறைவு. ஊசி மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. என்றால் கையில் குழாயை வெளியிலேயே போட்டு வைப்பது. அந்த மருந்து சிறுநீரகத்துக்கு ஆகுமா என்று பார்க்கத் தேவையான கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவு முதல்நாளே கொப்பியில் இருப்பது. எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவரிடம் உடம்பில் உலோகம், இதயத்துக்கு பேஸ்மேக்கர் ஏதும் உண்டா என்று திகதி கொடுக்கும்போதே கேட்பது. தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கும் ஆச்சியோடு மெஷின் வாசலில் நின்று வாதாடினால் கால் மணித்தியாலம் போய்விடும். வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வரச் சொன்னால் அந்தப் பேச்சே இல்லை. ஒரு மாதிரியான வேலைகளை ஒன்றாக அடுக்குவதும் இதில் சேரும். மீன் பொரித்த கையோடு ரொட்டி போட்டால் ரொட்டி மணக்கும் என்று பெரியம்மா மீனைக் கடைசிக்குத் தள்ளுவது போல.

யார் எந்த பஸ்

நேரம் பிரித்துக் கொடுக்கும் கணக்கெல்லாம் ஆள்கள் சொன்ன நேரத்துக்கு வந்தால்தான் பலிக்கும். வைத்தியசாலைக்குப் பக்கத்து வீதியில் இருப்பவருக்குப் பத்தரையும், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு ஏழரையும் கொடுத்தால் என்ன நடக்கும்? அவர் முதல் பஸ்ஸில் ஏறினாலும் ஒன்பதுக்குத்தான் வருவார். வராத ஆள் என்று கொப்பியில் சிவப்புக் கோடு விழும். "எங்கிருந்து வாறீங்க, முதல் பஸ் எத்தனைக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கிட்ட இருப்பவருக்கு விடிய, தூரத்தவருக்குப் பத்துக்கு மேல்.

ஆனால் இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். வயிற்று ஸ்கேன்காரர் வெறும் வயிற்றோடு இருக்கிறார். அவருக்குச் சீனி வியாதியும் இருந்து, முதல்நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் மத்தியானம் மட்டும் உட்கார வைத்தால் வாங்கிலேயே மயங்கி விழலாம். அவரை முதலில் எடுக்க வேண்டும். அவரோ தூரத்து ஆள். அடிவயிற்று ஸ்கேன் என்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், ஒரு மணித்தியாலம் முன்பு தண்ணி குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருப்பவரை அரை மணித்தியாலம் பிந்தவிட்டாலும் அவர் எழும்பிப் போய்விடுவார், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் இது இன்னும் மோசம், சொல்லத் தேவையில்லை. ஆகவே பஸ்ஸும் பட்டினியும் ஒன்றுக்கொன்று இழுக்கும்போது நான் பட்டினிக்குத்தான் முன்னுரிமை கொடுப்பேன்: பட்டினிக்காரர்களுக்குள் தூரத்தவர் ஒன்பதரைக்கு, கிட்ட இருப்பவர் எட்டுக்கு. சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய எக்ஸ்ரே, மூட்டு ஸ்கேன் எல்லாம் பதினொன்றுக்குப் பிறகு. இது எந்தக் கம்பியூட்டரும் இல்லாமல் ஒரு கோடு போட்ட கொப்பியில் செய்யலாம்.

வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்துக்குத் தனித்தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து அங்கேயே கிடக்கும். திகதி மாறிய தகவல் திகதி போன பிறகு கைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! போன் நம்பர் கேட்டு முதல்நாள் ஒரு அழைப்பு எடுப்பது மேல். அதிலும் அந்த நம்பர் கொழும்பில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும், பக்கத்து வீட்டு நம்பரையும் சேர்த்து வாங்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகமெங்கும் மண் சரிந்து ரோடும் ரெயில் பாதையும் அறுந்துபோன நாள்களில் திகதி தவறியவர்களுக்கு யார் சிவப்புக் கோடு போடுவது? அப்படியானவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பாமல், வெற்றுக் கோடுகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் கொப்பி

இவ்வளவும் அன்றன்றைய காத்திருப்பு. ஆறு கிழமை, மூன்று மாதம் என்று திகதி தள்ளிப்போவது வேறு வியாதி. அதற்குக் குசினியை விட்டுக் கடன் கொப்பிக்குப் போவோம்.

தோட்டத்துக் கடையில் எல்லாருக்கும் ஒரு கொப்பி இருக்கும். இந்த மாதம் அரிசி, மா, பருப்பு வாங்குவோம், சம்பளம் வந்ததும் போன மாதக் கணக்கைக் கட்டுவோம். ஒவ்வொரு மாதமும் வாங்குவதும் கட்டுவதும் சமம். ஆனாலும் கொப்பியில் ஒரு மாதக் கடன் எப்போதும் நிற்கும். எப்போதோ ஒரு கலியாணமோ காய்ச்சலோ வந்தபோது விழுந்த கடன் அது.

ஸ்கேன் கொப்பியிலும் இதே கதை நடக்கலாம். நாளைக்கு 20 புதுத் துண்டு வருகிறது, 20 ஸ்கேன் முடிகிறது, கொப்பியில் 900 பேர் என்று வைத்துக்கொள்வோம். இன்று பெயர் கொடுப்பவருக்கு 45 வேலை நாள் கழித்துத்தான் முறை. வரிசையில் நிற்பவர் தொகை, வருகிற வேகம், காத்திருக்கும் காலம் மூன்றுக்கும் இந்தப் பெருக்கல் உறவு எப்போதும் பொருந்தும் என்று 1961இல் ஜோன் லிட்டில் என்பவர் நிரூபித்துவைத்தார். இப்போது கவனியுங்கள்: அந்த 900 கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் மெஷின் போதும். நிற்பது பழைய கடன். நாளைக்கு ஐந்து ஸ்கேன் கூடச் செய்தால் 180 வேலை நாளில் அது தீரும். ஞாயிற்றுக்கிழமை முப்பது செய்தால் 30 ஞாயிறு. ஒரே ஒரு தடவை கட்டிவிட்டால் பிறகு துண்டு கொடுத்த கிழமையே ஸ்கேன். மாறாக 900 அடுத்த மாதம் 950, அதற்கடுத்த மாதம் 1000 என்று ஏறினால், வருமானத்துக்கு மேல் செலவு. அதற்குத்தான் புது மெஷினும் புது ஆளும் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வரிசை நீளம் என்று மட்டும் சொல்லி மெஷின் கேட்கிறோம், வந்த மெஷின் வேலையில்லாமல் கிடக்கவும் கூடும்.

கடன் கட்டும் முன் கொப்பியைச் சுத்தம் செய்ய வேண்டும். 900இல் சிலர் தனியாரிடம் காசு கட்டி எடுத்திருப்பார்கள், சிலருக்கு வலி போயிருக்கும், சிலர் உயிரோடு இல்லை. இரண்டு இடத்தில் பெயர் கொடுத்தவர்களும் இருப்பார்கள். போன் எடுத்துக் கேட்டாலே ஒரு பங்கு குறையும்.

வரிசையை நாளாக மாற்றினால் என்ன ஆகும் என்று இந்த நாடு ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2022இல் பெட்ரோல் வரிசை நாள் கணக்கில் நின்றது, ஓட்டோவுக்குள்ளேயே படுத்து எழும்பினார்கள். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து நாள், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வரிசை கரைந்துபோயிற்று. அளவு குறைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக்கூடாது, ஸ்கேனை அப்படி அளந்து கொடுக்க முடியாது. ஆனால் தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்த ஆள் விடிய மூன்றுக்கு வந்து நிற்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

படம் எடுத்ததோடு வேலை முடிவதுமில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுத நிபுணர் வேண்டும். படம் எடுப்பதை மட்டும் வேகப்படுத்தினால் ரொட்டி குவிந்து கிடக்கும், சம்பல் இருக்காது. வரிசை அறைக்கு வெளியிலிருந்து அவருடைய மேசைக்கு இடம் மாறியிருக்கும்.

பெரியம்மாவின் இரண்டாவது திகதியைக் குறித்தவர் வேறொரு மிஸ்ஸி. சிங்களம்தான் பேசினார், தமிழ் உடைந்து உடைந்து வந்தது. "அம்மா, எந்த ஊர்?" என்றார். கொட்டகலை என்றதும் பென்சிலை எடுத்துத் துண்டின் மூலையில் 9.40 என்று எழுதினார். பிறகு கிளாஸில் குடிப்பது போல் கையைக் காட்டி, "பால் எப்பா, தண்ணி மட்டும்" என்றார். வேண்டாம் என்பதற்குச் சிங்களச் சொல் 'எப்பா'. பெரியம்மாவுக்கு அது நன்றாகவே விளங்கியது.

ஐந்து கிழமை கழித்துப் போனோம். பத்து மணிக்குள் உள்ளே கூப்பிட்டார்கள். பத்தேகாலுக்கு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து பையைத் திறந்தார். விடிய நாலரைக்குச் சுட்ட இரண்டு ரொட்டி, துணியில் சுற்றியபடி. ஆறிப்போயிருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் பின்னேரக் கொழுந்துக்கு நின்று அரைப் பேராவது எடுக்கலாமா என்று கேட்டார்.